விடுவதா, சட்டிக்கா: ஆழியாற்றுத் தண்ணீரில் ஒரு தூண்டில் கணக்கு

விரால் ஒன்று மாட்டுகிறது. செவுளுக்குள் கயிறு கோத்து, கரையோர வேரில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுகிறார்கள். மூன்று மணி நேரம் போகிறது. வேறு எதுவும் கடிக்கவில்லை. ஒற்றை மீனை வைத்துக்கொண்டு என்ன குழம்பு வைப்பது என்று கயிற்றை உருவி விட்டுவிடுகிறார்கள். மீன் மெல்ல வாலாட்டி ஆழத்துக்குப் போகிறது. விட்டவருக்கும் மனசு நிறைகிறது.

அந்த மீன் அநேகமாகப் பிழைக்காது. கயிறு உரசிச் செவுள் கிழிந்திருக்கும். அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. விரால் அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடித்தே ஆக வேண்டிய மீன். தண்ணீருக்கு அடியில் குட்டைக் கயிற்றில் கட்டிப்போட்டால் அது மூச்சுமுட்டிச் சாகும். தண்ணீரிலேயே வாழும் மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகுமா என்று கேட்கலாம். விரால் சாகும். இப்படி விட்ட மீன் கறிக்கும் ஆகவில்லை, வித்துக்கும் ஆகவில்லை.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே விஷயம்தான். விடுவதா வைத்துக்கொள்வதா என்ற முடிவை மீன் கையில் வந்த பிறகு எடுக்கக்கூடாது. தூண்டில் நரம்பில் முள்ளைக் கட்டும்போதே எடுத்துவிட வேண்டும். எந்த முள், எந்த இரை, எந்த நேரம், எந்த மாதம் என்பதெல்லாம் அந்த முடிவிலிருந்துதான் வரும். மீன் வந்த பிறகு யோசிக்க ஆரம்பித்தால், யோசிக்கிற நேரமே மீனைக் கொன்றுவிடும்.

ஆனைமலையில் பிறக்கும் ஆழியாறு பொள்ளாச்சிப் பக்கம் ஓடி, கேரளத்துக்குள் நுழைந்து, மூலத்தறையில் தடுக்கப்பட்டு, கால்வாய் வழியாகச் சித்தூர் தாலுகா ஏரிகளை நிரப்புகிறது. மிச்சம் சித்தூர்ப் புழையாகி, பாரதப்புழையில் கலந்து, பொன்னானியில் கடலைச் சேர்கிறது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்து ஆட்களுக்கு இது பழகிய வழி. ஒரே தண்ணீர்தான். ஆனால் மேலே ஒரு மீன், நடுவில் ஒரு மீன், முகத்துவாரத்தில் ஒரு மீன். ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

முதலில், விடவே கூடாத மீன்கள். தண்ணீரில் திரும்ப விடுவது எப்போதும் புண்ணியம் என்ற எண்ணத்தை ஏரிக்கரையிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். ஜிலேபி 1952இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன். தாய்மீன் முட்டையை வாய்க்குள் வைத்துப் பொரிக்கும், குஞ்சையும் வாய்க்குள்ளேயே காக்கும். அதனால் ஒரு ஈட்டில் பிழைக்கும் குஞ்சு அதிகம். நெரிசல் கூடிய குளத்தில் கை அகலம்கூட வளராத வயதிலேயே சினைப்பிடிக்கும். "சின்னது, பாவம்" என்று விடுகிற ஜிலேபி பல சமயம் குஞ்சு அல்ல. அது குள்ளமாகவே நின்றுபோன தாய். ஜிலேபிக்கு அளவு பார்க்க வேண்டாம். வந்ததெல்லாம் சட்டிக்கே.

ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அப்படித்தான். கேரளத்தில் ஆப்பிரிக்கன் முஷி என்பார்கள். இதை வளர்ப்பதற்கே நாட்டில் தடை இருக்கிறது. காற்றைக் குடித்து வாழும், நாறும் தண்ணீரிலும் பிழைக்கும், வாய்க்கு அடங்கியதையெல்லாம் விழுங்கும். ரூப்சந்த் என்று சந்தையில் விற்கும் மீனும், மீன்தொட்டி சுத்தம் செய்ய வாங்கிவந்து பிறகு வாய்க்காலில் கொட்டிவிடும் டேங்க் கிளீனரும் இதே வகை. டேங்க் கிளீனர் கரையைக் குடைந்து பொந்து போடும். உடம்பெல்லாம் கவசம்போலத் தகடு இருப்பதால் நம் ஊர்ப் பறவைகளுக்கு விழுங்கவும் வராது. 2018 வெள்ளத்தில் பண்ணைகளும் தொட்டிகளும் உடைந்து, அமேசானின் ராட்சத மீனான அராபைமாவரை கேரள ஆறுகளுக்குள் வந்துவிட்டது. சாலக்குடி ஆற்றில் பிடிபட்ட படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

இவற்றை விடக்கூடாது என்பதற்காகக் கரையில் எறிந்து துடிக்கவும் விடக்கூடாது. டேங்க் கிளீனர் தண்ணீருக்கு வெளியே பல மணி நேரம் உயிரோடு கிடக்கும், மழை பெய்தால் திரும்பவும் இறங்கிவிடும். தலையில் ஓங்கி ஒரே அடி, பிறகு குழிதோண்டிப் புதைப்பது. வேண்டாத மீன் என்பதற்காக அதற்கு நீண்ட சாவு கொடுக்க நமக்கு உரிமை கிடையாது.

இதே கணக்கில் இன்னொன்று. உயிர் இரை மிஞ்சினால் அதைத் தூண்டில் போட்ட குளத்தில் கொட்டாதீர்கள், இரையைப் பிடித்த குளத்துக்கே கொண்டுபோய் விடுங்கள், இல்லையென்றால் கொன்றுவிடுங்கள். ஒரு வாளி பொடிமீனில் ஒரு ஜோடி தப்பினாலும் ஓர் ஏரியின் கதை மாறிவிடும்.

இனி விரால். இந்த எல்லைப் பக்கத்தில் தூண்டில்காரர்களின் ஆசையெல்லாம் இதன்மேல்தான், தவறுகள் அதிகம் நடப்பதும் இதில்தான். மழை விழுந்து ஏரி ஏறத் தொடங்கியதும் விரால் ஜோடி சேர்ந்து, செடிகொடி மறைவில் முட்டை போடும். பொரிந்த குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் ஒரே திரளாக நீந்தும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து காற்றைக் குடிக்கும்போது, தூறல் விழுவதுபோலத் தண்ணீர் பொடிப்பொடியாகக் கொதிக்கும். மலையாளத்தில் இந்தத் திரளுக்குப் பார்ப்பு என்று பெயர். குஞ்சைக் குறிக்கும் நம் பழந்தமிழ்ச் சொல்தான். நாம் மறந்துவிட்டோம், அவர்கள் இன்னும் மீனுக்குச் சொல்கிறார்கள்.

பார்ப்புக்கு அடியிலேயே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அதன்மேல் ரப்பர் தவளையை எறிந்து இழுத்தால் நிச்சயம் அடிக்கும். பசியால் அல்ல, குஞ்சைத் தின்ன வந்தது என்று நினைத்து அடிக்கும். இதைத் திறமை என்று சொல்ல முடியாது. வீட்டு வாசலில் நின்று பிள்ளையைக் கூப்பிட்டு அம்மாவை வெளியே வரவழைப்பது போன்ற வேலை இது. காவல் போனதும் ஜிலேபியும் கெளுத்தியும் அந்தத் திரளைக் கொஞ்ச நேரத்தில் காலி செய்துவிடும். நீங்கள் எடுத்தது ஒரு மீன், போனது நூற்றுக்கணக்கில். செந்நிறத் திரள் தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கரைக்குப் போய்விட வேண்டும். தெரியாமல் மாட்டிவிட்டால், மீனைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளை எடுத்து, பிடித்த அதே இடத்தில் விட வேண்டும். படம் எடுக்க ஐம்பதடி தள்ளிக் கொண்டுபோய் அங்கே விட்டால், அது திரும்பி வருவதற்குள் திரள் இருக்காது.

பார்ப்பு இல்லாத காலத்தில் விரால் எடுக்கலாமா? எடுக்கலாம். ஒரு அடிக்குக் குறைந்ததை விடுங்கள். அநேகமாக ஒருமுறைகூடக் குஞ்சு பொரித்திருக்காது. ஒரு அடியிலிருந்து ஒன்றரை அடி வரை சட்டிக்குச் சரியான மீன், சதையும் பதமாக இருக்கும். இரண்டடியை நெருங்கினால் மறுபடி விட்டுவிடுங்கள். நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகும், சினையும் எடைக்கேற்பக் கூடும். ஒரு பெரிய தாய்மீன் போடும் முட்டைக்கு எத்தனை சின்ன மீன் வேண்டும் என்று கணக்குப் போட்டால் தெரியும். சதையும் பெரிய விராலில் நார்நாராகத்தான் இருக்கும். அளவுக்கு டேப் தேட வேண்டாம். தூண்டில் ராடின் அடிப்பகுதியில் 30, 45, 60 சென்டிமீட்டரில் நகப்பூச்சால் கோடு போட்டுவிட்டால், மீனைத் தண்ணீரில் வைத்தபடியே பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிடலாம்.

முடிவு முள்ளில் தொடங்குகிறது என்று சொன்னேன் அல்லவா, அதற்கு வருவோம். முள்ளின் கூர்முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்ன எதிர்முள்தான் முள்ளைக் கழற்றும்போது சதையைக் கிழிக்கிறது. நோஸ் பிளேயரால் அதைப் பிடித்து ஒரே அழுத்தாக நசுக்கிவிடுங்கள். நசுங்கியதா என்று பார்க்க, பழைய பனியன் துணியில் குத்தி வெளியே இழுங்கள். நூல் இழுபட்டால் இன்னும் நசுங்கவில்லை என்று அர்த்தம். எதிர்முள் இல்லாவிட்டால் மீன் நழுவிவிடும் என்று பயப்படுவார்கள். நரம்பு தொய்ந்தால்தான் நழுவும். ராடு வளைந்தபடியே இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. விரால் எகிறும்போது ராடு நுனியைத் தாழ்த்திப் பக்கவாட்டில் இழுத்தால் தலையை உதற இடம் கிடைக்காது.

லூர் எனப்படும் மீன் வடிவச் செயற்கை இரைகளில் மும்முனை முள் இரண்டு தொங்கும். ஒன்று வாயில் குத்தும், மற்றது கண்ணிலோ செவுளிலோ குத்தும். வயிற்றுப்பக்கத்து முள்ளைக் கழற்றிவிட்டு, வால்பக்கத்தில் ஓரளவு பெரிய ஒற்றை முள் மாட்டுங்கள். லூரின் ஆட்டம் மாறினால் முள்ளின் எடை குறைந்துவிட்டது என்று பொருள், ஒரு அளவு கூட்டிப் பாருங்கள்.

மண்புழு, பொடிமீன் போட்டுப் பிடிப்பவர்களுக்குச் சிக்கல் வேறு. தக்கையை மறந்து பேசிக்கொண்டிருந்தால் மீன் இரையை வயிறுவரை விழுங்கிவிடும். விடுவதற்காகப் பிடிக்கிறீர்கள் என்றால், முனை உள்நோக்கி வளைந்த சர்க்கிள் முள் வாங்குங்கள். முனை பக்கவாட்டில் திரும்பாத நேர்வகை வேண்டும். இதில் சுண்டி இழுக்கக்கூடாது. பழக்கதோஷத்தில் சுண்டினால் இரை மட்டும் கையோடு வரும். நரம்பு தானாக இறுகட்டும், நிதானமாகச் சுற்றினால் போதும், முள் கடைவாயில் போய் உட்காரும். புழுவைப் பந்துபோல் சுருட்டி முள்ளின் வாயை அடைத்தால் எந்தப் பயனும் இல்லை. இடைவெளி திறந்திருக்க வேண்டும்.

முள் தொண்டைக்குள் போய்விட்டால் தோண்டாதீர்கள். விரலையோ பிளேயரையோ விட்டுத் திருகினால் மீன் செத்த கணக்குதான். முள்ளுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக நரம்பை வெட்டி விட்டுவிடுங்கள். சாதாரண இரும்பு முள் காலப்போக்கில் துருப்பிடித்துப் போகும், ஸ்டெயின்லெஸ் முள் போகாது. ஆனால் செவுளிலிருந்து ரத்தம் நிற்காமல் வடிந்தால் அதை விட்டுப் பயனில்லை. வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தரும் மீனாக இருந்தால் அப்போதே கொன்று ஐஸில் போட்டுவிடுங்கள். விட வேண்டும் என்று வந்தவர்கள் இந்த இடத்தில் பிடிவாதம் பிடிக்கக்கூடாது.

மெல்லிய நரம்பில் பெரிய மீனை இருபது நிமிடம் இழுத்துக் களைக்க வைப்பதைச் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். களைத்துச் சோர்ந்த மீன், முள் காயம் ஒன்றும் இல்லாமலே, விட்ட பிறகு சாகலாம். ஆகாயத்தாமரையும் கோரையும் அடைந்த ஏரியில் விராலுக்கு முப்பது, நாற்பது பவுண்டு தாங்கும் பிரெய்டு என்ற பின்னல் நரம்பு போடுவதில் தப்பே இல்லை. சீக்கிரம் வரட்டும், சீக்கிரம் போகட்டும்.

கையை நனைக்காமல் மீனைத் தொடாதீர்கள். உடம்பின் வழுவழுப்புப் படலம் அதற்குத் தோலுக்கு மேலே இன்னொரு தோல். துண்டால் பிடித்தால் துண்டோடு வந்துவிடும், பிறகு அந்த இடத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் காய்ந்த மதகுக் கல்லில் கிடத்துவது சூடான தோசைக்கல்லில் கிடத்துவதற்குச் சமம். முடிச்சுள்ள நைலான் வலையைவிட ரப்பர் பூசிய வலை நல்லது. தாடையைக் கவ்வும் பிடிப்பான் வைத்திருந்தால், மீனைச் செங்குத்தாகத் தொங்கவிடாமல் மற்றக் கையை வயிற்றுக்கு அடியில் கொடுங்கள். தொங்கவிட்டால் உடம்பின் முழு எடையும் தாடை மூட்டில் இறங்கும். படம் வேண்டுமென்றால் முதலில் கேமராவைத் தயார் செய்துவிட்டு, நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மீனைத் தூக்குங்கள். உங்களுக்கு மூச்சு வேண்டும் என்று தோன்றும்போது மீன் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். விரால் காற்றில் தாங்கும், கெண்டை வகைகள் தாங்காது.

நேரமும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். பாலக்காட்டுக் கணவாயின் பங்குனி, சித்திரை மதியத்தில், முழங்கால் ஆழ ஏரியில், மீன் ஏற்கெனவே மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருக்கும். அப்போது பிடித்து விடும் மீனில் எத்தனை பிழைக்கும் என்று நம்பிக்கை வைக்க முடியாது. அதற்காக விடியலுக்கு முன்பே போய் உட்கார்வதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பச்சைப்பசேல் என்று பாசி படிந்த குளத்தில் பாசியும் இரவெல்லாம் ஆக்சிஜனைத்தான் இழுக்கும், சூரியன் வருவதற்கு முன்புதான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். அந்தக் குளங்களில் வெயில் பட்டு இரண்டு மணி நேரம் கழிந்தபின் தொடங்கி, பத்து, பத்தரைக்குள் முடித்துக்கொள்வது நல்லது. ஓடும் ஆற்றில் இந்தக் கவலை குறைவு.

விடும்போது மீனை எறியாதீர்கள். ஆற்றில் தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து நிமிர்த்திப் பிடித்தால் தண்ணீர் தானாக வாய்வழியே செவுளுக்குப் போகும். முன்னும் பின்னும் ஆட்டக்கூடாது, பின்னால் இழுத்தால் செவுளில் தண்ணீர் தலைகீழாகப் போகும். தேங்கிய நீரில் அசையாமல் தாங்கிப் பிடித்தால் போதும். உங்கள் கையை உதறிக்கொண்டு போகும்வரை காத்திருங்கள். பக்கவாட்டில் சாய்ந்தால் இன்னும் தயாராகவில்லை.

மலைப்பக்கம் போகும்போது கணக்கு சுருக்கம். ஆனைமலை, பரம்பிக்குளம் காப்பகங்களுக்குள்ளும் சின்னாறு சரணாலயத்துக்குள்ளும் தூண்டிலே கூடாது. அதற்குக் கீழே ஆற்றில் எங்கேனும் மஷீர் என்ற பெரிய கெண்டை வகை மீன் தற்செயலாக மாட்டினால், எந்த அளவாக இருந்தாலும் விட வேண்டும். மலையாளத்தில் குயில் என்பார்கள். மறையூர் வழியாக இறங்கி அமராவதி அணைக்கு வரும் பாம்பாற்றிலிருந்துதான் டோர் ரேமாதேவியே என்ற இனம் முதலில் விவரிக்கப்பட்டது. காவிரியின் புகழ்பெற்ற திமில் மஷீரும் இதே இனம்தான் என்று 2018இல் உறுதியானது. அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. காவிரியில் மஷீர் பெருகட்டும் என்று மகாராஷ்டிரத்து லோனாவ்லாவில் பொரித்த வேறு இன மஷீர் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். வந்த இனம் பெருகியது, ஊர் இனம் சுருங்கியது. நல்லெண்ணத்தோடு விட்டதும் கெடுக்கும் என்பதற்கு இதைவிட வேதனையான உதாரணம் நம் பக்கத்தில் இல்லை.

பொன்னானியில் உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில் கொடுவா. மலையாளத்தில் காளாஞ்சி. இது முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். அதனால் பெரிய கொடுவா ஏறக்குறைய எல்லாமே பெண். பெரிய மீனை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வது தாய்களை மட்டும் பொறுக்கி எடுப்பதற்குச் சமம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கிழக்குக் கரையில் இதே மீனுக்கு 58 சென்டிமீட்டருக்குக் கீழேயும் 120க்கு மேலேயும் எடுக்கக்கூடாது என்று இரண்டு பக்கமும் வரம்பு வைத்திருக்கிறார்கள். நாமாகவே அப்படி ஒரு வரம்பு வைத்துக்கொண்டால் யாரும் தடுக்கப்போவதில்லை. கொடுவாவின் செவுள் மூடி பிளேடுபோல இருக்கும், விரலை அங்கே விடாதீர்கள். முள்ளை ஒட்டிக் கட்டும் நரம்புத் துண்டான லீடர் மெல்லியதாக இருந்தால் அதையும் அதுவே அறுத்துவிடும், வாயில் முள்ளோடு மீன் போய்விடும். தடித்த லீடர் கட்டுங்கள்.

எடுப்பதற்கு முன் அனுமதி. ஆழியாறு போன்ற அணைகளில் மீன் தானாக வந்ததல்ல, குஞ்சு வாங்கி விட்டது. ஊர் ஏரிகள் பெரும்பாலும் குத்தகையில் இருக்கும். சித்தூர்ப் பக்கம் "அண்ணா, இது யாரு பாட்டத்துக்கு எடுத்தது?" என்று கேட்டாலே சொல்லிவிடுவார்கள். மழை தொடங்கியதும் சினை மீன்கள் வயலுக்கும் வாய்க்காலுக்கும் ஏறும். கேரளத்தில் அப்போது பிடிப்பதை ஊத்தப் பிடித்தம் என்பார்கள், அது சட்டப்படி குற்றம். நம் பக்கம் புதுவெள்ளத்தில் ஏறும் மீனைக் கூடை வைத்து அள்ளுவதும் அதே வேலைதான்.

வைத்துக்கொள்வது என்று முடிவானால் அரைமனசோடு செய்யாதீர்கள். கண்களுக்குச் சற்றுப் பின்னால் உச்சந்தலையில் கனமான கட்டையால் ஒரு அடி. மீன் துவண்டதும் செவுளின் அடிப்பகுதியை வெட்டி, வாளித் தண்ணீரில் ஐந்து, பத்து நிமிடம் ரத்தம் வடியவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் துடிதுடித்துச் செத்த மீனுக்கும் இதற்கும் சதையில் உள்ள வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும். பிறகு தெர்மாகோல் பெட்டியில் இரண்டு பங்கு ஐஸ், ஒரு பங்கு தண்ணீர். வெறும் ஐஸ்கட்டியைவிட இந்தக் குழைவு மீனைச் சுற்றிலும் தொட்டுச் சீக்கிரம் குளிரவைக்கும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று புறப்படும்போதே வாங்கிவிடுங்கள். ஐஸ் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் மீன் என்று வைத்துக்கொண்டால், எத்தனை எடுப்பது என்ற கேள்வியும் தீர்ந்துவிடும். விராலை உயிரோடு கொண்டுபோக வேண்டுமென்றால் கேனில் பாதிக்கு மேல் தண்ணீர் வேண்டாம், மேலே காற்று இருக்கட்டும், மூடியை இறுக்கி ஓட்டை போடுங்கள்.

ஜிலேபியில் சேற்று வாடை என்று பலர் தூக்கிப்போடுகிறார்கள். அது சேறு அல்ல, பாசியும் நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள். தோலிலும் வயிற்றுச் சதையிலும் பக்கவாட்டில் ஓடும் சிவப்புச் சதையிலும்தான் அதிகம் தங்கும். கோடையில் தோலை உரித்துவிடுங்கள், வயிற்றின் உட்புறக் கருப்புச் சவ்வைக் கல் உப்பு போட்டுத் தேய்த்து எடுங்கள், பித்தப்பை உடையாமல் பாருங்கள். புளிப்பு ஜியோஸ்மினைக் குறைக்கும். கெட்டியான புளிக்கரைசலில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் வாடை பெருமளவு போய்விடும். எல்லைக்கு அந்தப்பக்கம் குடம்புளி போட்டுக் குளத்து மீன் வைப்பதும் இதனால் நன்றாகவே பொருந்துகிறது.

அறுக்கும்போது வயிற்றுக்குள் ஒருமுறை பாருங்கள். நூல்போல மெலிந்த சினை என்றால் இன்னும் காலம் வரவில்லை. விராலிலோ கெண்டையிலோ வயிற்றை நிறைத்து, தொட்டால் முட்டை தனித்தனியாக உதிரும் பதத்தில் இருந்தால், அந்த ஏரியில் பருவம் தொடங்கிவிட்டது. தேதியையும் ஏரியின் பெயரையும் குறித்துவைத்துக்கொண்டு, திரள்கள் கலைந்து குஞ்சுகள் செம்மஞ்சள் நிறம் மாறும்வரை அங்கே ஜிலேபிக்கு மட்டும் சின்ன முள் போடுங்கள்.